கடல்மேல் பந்தி: வாசகர் கேள்வி பதில்

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் புறப்படும் சொகுசுக் கப்பல்களில் குடும்பத்தோடு போய்வருவது நம் கடற்கரை ஊர்களிலும் வழக்கமாகி வருகிறது. அந்தக் கப்பல்களில் சாப்பாடும் அன்றாட வாழ்க்கையும் எப்படி இருக்கும் என்று கேட்டு, ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. பயணிகள் கப்பலின் சமையற்கட்டிலும் உணவுக்கூடத்திலும் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து தங்கிவிட்டவன் என்பதால் இதழாசிரியர் அவற்றை என்னிடம் ஒப்படைத்தார். ஒரே பொருள் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கீழக்கரை வாசகி): வாப்பாவையும் உம்மாவையும் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலில் அழைத்துப்போகத் தம்பி ஏற்பாடு செய்கிறான். ஹலால் உணவு கிடைக்குமா? தொழுகை நேரத்துக்கும், தொழும் திசையான கிப்லாவுக்கும் என்ன செய்வது? வாப்பா சோறில்லாமல் ஒரு வேளையும் இருக்க மாட்டார்கள்.

பதில்: தங்குகடலுக்கு, அதாவது சில நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகும் விசைப்படகு அரிசியையும் ஐஸையும் தண்ணீரையும் கரையிலேயே ஏற்றிக்கொள்வதைப் போலத்தான், ஆயிரக்கணக்கானோர் செல்லும் கப்பலும் தனக்கு வேண்டிய பண்டங்களைத் துறைமுகத்திலேயே ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது; நடுக்கடலில் எதையும் வாங்க இயலாது. ஆகவே கப்பலில் ஒன்று கிடைக்குமா கிடைக்காதா என்பது, பெரும்பாலும், அதை நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. கப்பல் வணிகர் சீதக்காதியின் ஊர்க்காரர்களுக்குக் கப்பலில் சரக்கேற்றும் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

ஹலால் விஷயத்தில் கப்பலுக்குக் கப்பல் வேறுபாடு உண்டு. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு மலேசியா, தாய்லாந்துப் பக்கம் சுற்றிவரும் சில கப்பல்களில் ஹலால் சான்று பெற்ற தனி உணவுக்கூடமே இருக்கிறது. மற்றக் கப்பல்கள் பலவற்றில், கேட்பவர்களுக்கு ஹலால் இறைச்சியில் சமைத்துக் கொடுப்பதே ஏற்பாடு. அங்கே இறைச்சி ஹலாலாக இருந்தாலும் அடுப்பும் சட்டியும் பொதுவானவையாக இருக்கக்கூடும். இந்த இரண்டில் எது தங்கள் கப்பலில் நடைமுறை என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சியை மட்டும் கவனித்து, இனிப்பை மறந்துவிடுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜெல்லி, மூஸ், சில வகைக் கேக்குகள் ஆகியவற்றில் சேரும் ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். சாஸ்களில் ஒயின் ஊற்றிச் சுண்டவைப்பது மேலைச் சமையலில் சாதாரணம். வெயிட்டரிடம் தயங்காமல் கேட்கலாம், அவர் சமையற்கட்டுக்குள் போய்க் கேட்டுவந்து சொல்வார். அது அவருடைய வேலையின் ஒரு பகுதி.

பெரிய உணவுக்கூடத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு வழக்கமாக இரண்டு பந்திகள் உண்டு. முதற்பந்தி மாலை ஐந்தரை அல்லது ஆறு மணிக்கும், இரண்டாம் பந்தி எட்டு மணியை ஒட்டியும் தொடங்கும். சிங்கப்பூர்க் கடற்பகுதியில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணியளவில் பொழுது சாய்வதால், முதற்பந்தியில் உட்கார்ந்தால் இனிப்பு வரும் நேரமும் மஃரிப் எனும் அந்தித் தொழுகை நேரமும் மோதிக்கொள்ளும். இரண்டாம் பந்தியைக் கேட்டு வாங்கினால் தொழுதுவிட்டு நிதானமாகச் சாப்பிட வரலாம். வேண்டிய நேரத்தில் வந்து உட்காரும் முறையும் இப்போது பல கப்பல்களில் இருக்கிறது. ஆனால் அதில் நாள்தோறும் மேசையும் வெயிட்டரும் மாறுவார்கள். வயதானவர்களுக்கு ஒரே மேசையும் ஒரே வெயிட்டரும் அமைவதே நல்லது என்பது என் எண்ணம். இரண்டாம் நாளே அவர் வாப்பாவுக்குச் சோறும் உம்மாவுக்கு வெந்நீரும் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்.

கப்பல் திசை திரும்பும்போதெல்லாம் கிப்லாவின் பக்கமும் மாறும். கப்பலின் உடல் இரும்பாக இருப்பதால் கேபினுக்குள் கைபேசியின் திசைகாட்டியை நம்ப வேண்டாம். கேபினில் இருக்கும் தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசை கப்பலின் இருப்பிடத்தையும் அது செல்லும் திசையையும் வரைபடத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து மக்கா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசையில் இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்கிட்டுக்கொள்ளலாம். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது, சேர்ப்பது பற்றியெல்லாம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோற்றுக்குக் குறைவிருக்காது. ஆசியக் கடலில் ஓடும் கப்பல்களின் பஃபேயில் சோறும் ஏதேனும் ஒரு கறியும் அநேகமாக எல்லா நாளும் இருக்கும். ஊழியர்களின் உணவுக்கூடத்தில், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா நாட்டவர்கள் மிகுதி என்பதால், வேளைக்கு வேளை சோறு வேகும். அரிசி மட்டும் பாஸ்மதியாகவோ மல்லிகை அரிசியாகவோ இருக்கும். வாப்பாவிடம் இதை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி (உத்தரகோசமங்கை வாசகர்): நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவர்கள். காய்கறி என்று எழுதியிருப்பதை நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வெங்காய சூப் என்று பட்டியலில் இருக்கும்; பிரெஞ்சு முறையில் அதற்கு மாட்டெலும்பை வேகவைத்த சாறுதான் அடித்தளம். சீசர் சாலட் என்பது இலைக்கீரைதான் என்றாலும், அதன் மேல் ஊற்றும் கலவையில் நெத்திலி இனத்து மீன் அரைபட்டிருக்கும். தாய்லாந்து, சீன முறையில் வதக்கிய காய்களில் மீன் சாஸோ சிப்பி சாஸோ சேர்ந்திருக்கும். நிறத்தையும் மணத்தையும் வைத்து நம்மவர்களால் கண்டுபிடிக்க முடியாது. பார்மேசான் பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவார்கள். ரொட்டி கப்பலிலேயே சுடப்படுகிறது. அதில் சில வகைகளில் மேலே முட்டை பூசியிருக்கும்.

இவ்வளவையும் எழுதுவது அச்சுறுத்துவதற்காக அன்று. வழி எளிது. பயணச்சீட்டு எடுக்கும்போதே 'இந்தியச் சைவம், முட்டை கூடாது' என்று பதிவு செய்யுங்கள். வெஜிடேரியன் என்று மட்டும் குறித்தால் மேலைநாட்டுச் சமையற்காரருக்கு முட்டையும் சேர்த்தே அர்த்தமாகும். கப்பலில் ஏறிய முதல் நாள் மாலையே உணவுக்கூடத்துத் தலைமை வெயிட்டரைப் பார்த்து மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். அதன்பின் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாடு முடியும் தறுவாயில் அவர் மறுநாள் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுவார். அதில் வேண்டியதை நீங்கள் அப்போதே குறித்துக் கொடுத்தால், அடுத்த நாள் இந்தியச் சமையற்காரர் ஒருவர் பருப்பும் காய்க்கறியும் தனியாகச் சமைத்து வைத்திருப்பார். முதல் நாள் இரவு சொல்லாமல் மறுநாள் வந்து உட்கார்ந்து கேட்டால், பல நூறு தட்டுகள் ஒரே சமயத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும் சமையற்கட்டில் அவசரத்துக்கு அகப்படுவது வேகவைத்த காய்களும் உருளைக்கிழங்கும்தான். பட்டியலில் இல்லாத சாம்பார் வந்தது என்று ஒரு குடும்பம் மகிழ்வதும், புல்லைத் தின்றுவிட்டு வந்தோம் என்று இன்னொரு குடும்பம் அலுத்துக்கொள்வதும் ஒரே கப்பலில் ஒரே வாரத்தில் நடக்கும்.

கேள்வி (தொண்டி வாசகி): என் மாமியார் கருவாடும் இட்லிப் பொடியும் சிறிய ரைஸ் குக்கரும் எடுத்துக்கொண்டுதான் கப்பல் ஏறுவேன் என்கிறார். விடுவார்களா?

பதில்: குக்கரை ஏறும் இடத்திலேயே சோதனையில் எடுத்து வைத்துவிட்டு, இறங்கும்போது திருப்பித் தருவார்கள். அயர்ன் பாக்ஸ், மின்சார அடுப்பு, சூடேற்றும் கம்பி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கடலில் கப்பல்காரர்கள் மிகவும் அஞ்சுவது தீக்குத்தான். 1985இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததை நம் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய கப்பலின் சமையற்கட்டில்கூட எரியும் சுடரைக் காண முடியாது, அடுப்புகள் மின்சாரத்தில் இயங்குபவை.

கடையில் அடைத்து முத்திரையிட்ட பொடியும் ஊறுகாயும் பிஸ்கட்டும் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். வீட்டில் செய்த உணவுக்குப் பல நிறுவனங்கள் இடம் கொடுப்பதில்லை. கருவாட்டை விட்டுவிடச் சொல்லுங்கள். கேபினின் காற்று குழாய்களின் வழியேதான் வந்துபோகிறது. இரண்டாம் நாள் காலையில் பக்கத்துக் கேபின்காரர்கள் வரவேற்பு மேசையில் வரிசையில் நிற்பார்கள். நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதில் இடித்து, கடையில் அடைத்து முத்திரையிட்ட பொடி ஒரு பொட்டலம் கைப்பையில் இருந்தால் கப்பல் சாப்பாட்டின் சப்பென்ற சுவையைச் சமாளித்துக்கொள்ளலாம்.

கேள்வி (சாயல்குடி வாசகி): காலையிலிருந்து இரவு வரை கப்பலில் ஒரு நாள் எப்படிக் கழியும்? அவ்வளவு பேருக்குப் பரிமாறும் பஃபேயில் சுத்தம் இருக்குமா?

பதில்: முதல் நாள் பயிற்சியில் தொடங்க வேண்டும். ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அதுவே ஆபத்து அறிவிப்பு. அப்போது எங்கே போய் நிற்க வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படி அணிய வேண்டும் என்று கற்றுக்கொடுப்பார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, அன்றுதான் ஏறிய பயணிகளில் பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன்பின் சர்வதேச விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்றாயிற்று. புகைப்படம் எடுக்கும் மும்முரத்தில் இதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

மறுநாளின் நிகழ்ச்சிகளும் சாப்பாட்டு நேரங்களும் அச்சிட்ட தாளாகவோ கைபேசிச் செயலியிலோ முந்தின இரவே வந்துவிடும். காலை ஆறு, ஆறரைக்குப் பஃபே திறக்கும். மேல்தளத்தில் நடப்பவர்கள் நடப்பார்கள். கேபினைச் சுத்தம் செய்பவர் துண்டை யானையாகவும் குரங்காகவும் மடித்துக் கட்டில்மேல் உட்கார வைத்திருப்பார். பகலில் நீச்சல்குளம், நூலகம், சமையல் செய்து காட்டுதல், மாலையில் நாடக அரங்கு. துறைமுகத்தில் நிற்கும் நாள்களில் ஊர் சுற்றப் போகலாம். கப்பல் நேரமும் கரை நேரமும் வேறுபடலாம் என்பதால் கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிந்தி வருபவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கைபேசியை விமானப் பயண நிலையில் வைக்காவிட்டால் கடல்வழி ரோமிங் கட்டணம் கண்ணைக் கட்டும்.

சுத்தத்தைப் பற்றித் தாங்கள் கேட்டது தேவையான கேள்வி. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்புத் துறை முன்னறிவிப்பின்றிச் சோதித்து மதிப்பெண் போடுகிறது. அதன் விதிப்படி சூடான உணவு 57 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. சமைத்ததை ஆறவைத்து எடுத்துவைப்பதானால் இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவந்தாக வேண்டும். வெப்பமானியைச் சட்டைப்பையில் செருகாத சமையற்காரரைக் கப்பலில் பார்க்க முடியாது. நம் கல்யாண வீடுகளிலும் இந்தப் பழக்கம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு செய்தும் நோய் வருகிறதென்றால், அது பெரும்பாலும் பயணிகளின் கை வழியாகத்தான் வருகிறது. வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோ வைரஸ் ஒருவர் தொட்ட கரண்டியை அடுத்தவர் தொடுவதால் பரவும். வாசலில் தெளிக்கும் சானிடைசர் அதை முழுமையாகக் கொல்வதில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவுவதே வழி. கையால் உண்ணும் பழக்கமுள்ள நமக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (நரிப்பையூர் வாசகர்): கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எங்கள் ஊரிலேயே அமைத்தார்கள். கப்பலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பதில்: உங்கள் ஊரில் பயன்படுத்திய அதே சவ்வூடு பரவல் முறை கப்பலிலும் இருக்கிறது, மிகுந்த அழுத்தத்தில் கடல்நீரை மெல்லிய சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிப்பார்கள். அதோடு இன்னொரு முறையும் உண்டு. எஞ்சினைக் குளிரவைத்துச் சூடேறிய நீரின் வெப்பத்தை வீணாக்காமல், காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் கடல்நீரைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குவார்கள். அழுத்தம் குறையும்போது நூறு டிகிரிக்கு வெகு கீழேயே நீர் கொதித்துவிடும் என்பதால் இதற்குத் தனியாக எரிபொருள் வேண்டியதில்லை. இப்படிக் கிடைக்கும் நீரில் உப்பே இராது, சுவையும் இராது. தாதுக்களைச் சேர்த்துக் குளோரின் கலந்த பிறகே குழாய்க்கு அனுப்புவார்கள். துறைமுகத்திலும் கரையோரத்திலும் கடல்நீர் அழுக்காக இருக்கும் என்பதால் அங்கே தண்ணீர் எடுப்பதில்லை. கேபின் குழாயில் வருவது குடிக்கத் தக்கது. பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கழிப்பறைகள் காற்றின் உறிஞ்சுவிசையில் இயங்குபவை. கொடுத்திருக்கும் காகிதத்தைத் தவிர வேறெதைப் போட்டாலும் ஒரு வரிசைக் கேபின்கள் முழுவதும் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): எங்களுக்குக் கடல் மயக்கம் என்றால் என்னவென்று தெரியாது. மருமகள் மதுரைக்காரப் பிள்ளை, பயப்படுகிறது.

பதில்: பெரிய கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் மீனின் துடுப்பைப் போன்ற தகடுகள் நீண்டு ஆட்டத்தைக் குறைக்கும் என்பதால், வள்ளத்தில் படும் பாட்டில் சிறு பங்குகூட அங்கே இருக்காது. கேபினைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம், இஞ்சி உதவும். மாத்திரை தேவையென்று மருத்துவர் சொன்னால், தலைசுற்றல் தொடங்கும் முன்பே எடுத்துக்கொண்டால்தான் பலன்.

கேள்வி (மண்டபம் வாசகர்): ஆயிரக்கணக்கானோர் தின்று மிஞ்சியதையெல்லாம் கடலில்தானே கொட்டுவார்கள்? எங்கள் பிழைப்பு இந்தக் கடலில்தான்.

பதில்: மிச்சமான உணவின் ஒரு பகுதி கடலுக்குத்தான் போகிறது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் மார்போல் எனப்படும் சர்வதேச உடன்படிக்கை அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. 25 மில்லிமீட்டர் துளை வழியே நுழையும் அளவுக்கு அரைத்த உணவுக் கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காததை 12 கடல் மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு அப்பாலும், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே விடலாம். பிளாஸ்டிக்கை எங்கேயும் எப்போதும் கடலில் போடக் கூடாது. அதனால்தான் சாப்பிட்ட தட்டுகள் உள்ளே வந்ததும் எலும்பு ஒருபுறம், காகிதம் ஒருபுறம், உணவு ஒருபுறம் என்று பிரிக்கும் வேலை இரவு முழுவதும் நடக்கிறது. சமையற்கட்டில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் கிடைக்கும் வேலையும் அதுதான்.

விதி இருக்கிறது என்பதாலேயே மீறல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய்க் கழிவைத் திருட்டுக் குழாய் வைத்துக் கடலில் விட்டதற்காகவும் அதை மறைத்ததற்காகவும் 2016இல் பிரின்சஸ் குரூசஸ் நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்ட இசைந்தது. அந்த நிறுவனத்தின் கப்பல் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் துணிந்து சொன்னதால்தான் அது வெளியே வந்தது. 21 தீவுகளோடு 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் கரையில் வாழும் தாங்கள் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது நியாயமே.

கேள்வி (ராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம் என்கிறார்கள். பிறகு ஏன் இறங்கும்போது பெரிய பில் வருகிறது? வேட்டியோடு உணவுக்கூடத்துக்குப் போகலாமா?

பதில்: பெரிய உணவுக்கூடமும் பஃபேயும் கேபினும் அரங்க நிகழ்ச்சிகளும் கட்டணத்துக்குள் அடங்கியவை. தனிச்சிறப்பு உணவகங்கள், மதுவகை, பாட்டிலில் வரும் குளிர்பானம், நல்ல காப்பி, இணைய இணைப்பு, கரையில் சுற்றுலா ஆகியவை தனி. கப்பலுக்குள் பணம் புழங்காது. ஏறும்போது தரும் அட்டையைக் காட்டினால் போதும் என்பதால் செலவாவதே தெரியாது. அமெரிக்க நிறுவனங்களில் ஊழியர் நலன் என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் உண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு அதுவே பெரிய தொகை. இரண்டு நாளுக்கு ஒருமுறை வரவேற்பு மேசையில் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் தாராளமாக அணியலாம். கோட்டும் டையும் எதிர்பார்க்கும் விருந்து இரவுகளிலும் அந்தந்த நாட்டின் மரபுடையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். கைலி கேபினோடு நிற்கட்டும்.

கேள்வி (திருப்பாலைக்குடி வாசகர்): கேட்டரிங் படித்திருக்கிறேன். கப்பலில் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் மூன்று லட்சம் கேட்கிறார். வீட்டில் நகையை அடகு வைக்கலாம் என்கிறார்கள்.

பதில்: தம்பி, நகையை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்ற 2006ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியாவும் 2015இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி வேலைக்கு அமர்த்துவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்றவற்றின் செலவு மட்டுமே உங்களுடையதாக இருக்கலாம். விசாச் செலவு கப்பல் நிறுவனத்துடையது. முகவர் நிறுவனத்துக்கு மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஆர்.பி.எஸ்.எல். என்ற, கப்பல் வேலைக்கு ஆளெடுக்கும் உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண்ணைக் கேட்டதும் முகவர் கோபப்பட்டாரானால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை வேறு. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற, கடலோடிகளுக்கான சர்வதேசப் பயிற்சி விதிப்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகளை முடிக்க வேண்டும். கடலில் உயிர்காத்தல், தீயணைத்தல், முதலுதவி, கப்பலில் பாதுகாப்பும் பொறுப்பும் ஆகியவை அவற்றில் அடங்கும். சமையற்காரராகப் போனாலும் தீயணைக்கத் தெரிந்தாக வேண்டும். பிறகு சி.டி.சி. என்று எல்லோரும் சொல்லும் கடலோடிப் புத்தகம். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பலானால் கப்பல் ஊழியர்களுக்கான சி1/டி விசா. நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் பேசத் தடுமாறுபவர்கள்தான் அதிகம் கழிக்கப்படுகிறார்கள் என்பதால், முகவருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியை அதற்குச் செலவழியுங்கள். மதுரையிலோ சென்னையிலோ நல்ல ஓட்டல் ஒன்றின் சமையற்கட்டில் வேலை பார்த்த அனுபவமும் கைகொடுக்கும்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சமையற்கட்டில் கேலி யுடிலிட்டி என்ற கடைநிலையில் பாத்திரம் கழுவுவதும் கழிவு பிரிப்பதும் தரை துடைப்பதும்தான். அதற்கு மேலே கம்மி, டெமி, செஃப் த பார்ட்டி என்று சமையற்காரர்களின் படிகள் ஏறிக்கொண்டே போகும். உணவுக்கூடத்தில் உதவி வெயிட்டராகத் தொடங்குவார்கள். ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை இருக்கும். அந்த மாதங்களில் வாரவிடுமுறை என்ற பேச்சு இல்லை. மேலே சொன்ன கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தரச் சொல்கிறது. அந்தப் பத்து மணியை இரண்டாக மட்டுமே பிரிக்கலாம், அதில் ஒன்று தொடர்ந்து ஆறு மணிக்குக் குறையக் கூடாது. காலைப் பலகாரம், மதியம், இரவு என்று மூன்று வேளைக்கும் எழுந்து போகிறவனுக்கு உறக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இருவர் தங்கும் கேபின் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும், சன்னல் இராது, இரவா பகலா என்பதைக் கடிகாரம் சொன்னால்தான் உண்டு. ஊழியர்கள் நடமாடும் நீண்ட கீழ்த்தளப் பாதைக்கு, அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றை நினைத்து, ஐ-95 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பகல் முழுவதும் வண்டிகளும் மூட்டைகளும் ஓடிக்கொண்டிருக்கும். பெருநாளும் பொங்கலும் தங்கையின் கல்யாணமும் ஒப்பந்தக் காலத்துக்குள் வந்தால் வீட்டுக்கு வர முடியாது.

இருந்தும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தங்குமிடமும் சாப்பாடும் நிறுவனத்துடையவை என்பதால் கையில் வரும் சம்பளம் பெரும்பாலும் மிஞ்சும். படித்தால் பதவியும் உயரும். ஒப்பந்தத் தாளில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பயணிகள் தரும் பணத்தில் பங்கு எவ்வளவு, திரும்பிவரும் விமானச் சீட்டு யார் செலவு என்ற மூன்றையும் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள்.

கேள்வி (பாம்பன் வாசகர்): இப்படிப்பட்ட கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஏன் வருவதில்லை? என் தாத்தா தனுஷ்கோடியில் கப்பல் ஏறித்தான் இலங்கை போனாராம்.

பதில்: தாத்தா ஏறியது இர்வின், கோஷன் போன்ற நீராவிக் கப்பல்களில் ஒன்றாக இருக்கலாம். ரயிலில் வந்து தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் மாறும் அந்த வழி 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. ஆழம் குறைந்த கடலுக்கென்றே கட்டிய சிறு கப்பல்கள் அவை. இன்றைய சொகுசுக் கப்பல் நீருக்குள் ஏழெட்டு மீட்டர் அமிழ்ந்து மிதக்கும். ராமர் பாலத்தின் மணல்திட்டுகளிலோ ஆள் இறங்கி நிற்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. 12 மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டும் சேது சமுத்திரத் திட்டம் 2005இல் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. பாம்பன் கால்வாயின் வழியே வரலாம் என்றாலும் ஆழம் போதாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரும். பத்துப் பன்னிரண்டு தளங்கள் கொண்ட கப்பலுக்கு அந்த உயரமும் பற்றாது. ஆகையால் இலங்கையைச் சுற்றியே போகிறார்கள்.

நமக்கு அருகில் உள்ள வழி சென்னைத் துறைமுகம். அங்கிருந்து 2022 ஜூனில் கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் பயணம் தொடங்கியது. மறு ஆண்டு அது திருகோணமலை, காங்கேசன்துறை, அம்பாந்தோட்டை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. பருவத்துக்குப் பருவம் கப்பல் கிளம்பும் ஊர் மாறும் என்பதால் தேதியை உறுதி செய்துகொண்டு சீட்டு எடுங்கள். கப்பல் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே ஏறும் வாசலை அடைத்துவிடுவார்கள். ராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயிலில் போய் அன்றே ஏறலாம் என்று திட்டமிடாமல், ஒரு நாள் முன்னதாகவே சென்னைக்குப் போய்விடுங்கள்.